ஈரத் துண்டுடன் மேடையேறியது தொடர்பாக

தென்காசி,
குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழும் செவ்வாய்க்கிழமை.

'மலையடி முரசு' வார இதழின் மதிப்புக்குரிய ஆசிரியர் குமரகுரு அண்ணாச்சி அவர்களுக்கு,

ஆயுதப்படை போலீஸ் பேண்டில் முப்பத்தொரு வருடம் பெரிய டிரம் அடித்து ஓய்வு பெற்ற தளவாய் வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் நலமும் தங்கள் அச்சு இயந்திரத்தின் நலமும் அறிய ஆவல். இங்கே நானும் என் வீட்டுக்காரி முப்பிடாதியம்மாளும் நலம். சனிக்கிழமை தங்கள் பத்திரிகை வரும்வரை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே நலமாக இருந்தோம்.

அதில் நான்காம் பக்கத்தில், ஒரு கால் மேடையிலும் ஒரு கால் பிளாஸ்டிக் நாற்காலியிலுமாக என் படத்தைப் போட்டு, 'குற்றாலத்தில் ஆப்பிரிக்கக் கலை நிகழ்ச்சி: ஈரத் துண்டுடன் மேடையேறிய முதியவரால் இடையூறு' என்று தங்கள் நிருபர் பிச்சைமணி எழுதியிருக்கிறார். முதியவர் என்பது தவறு. எனக்கு அறுபத்து மூன்றுதான். ஐந்தருவியில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறவன். இடையூறு என்பது மகா தவறு. ஈரத் துண்டு என்பது சரி, அதற்குப் பிறகு வருகிறேன். என் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு கரும்புள்ளி கிடையாது அண்ணாச்சி. இப்போது கடையத்திலிருந்து மைத்துனர் போன் போட்டு, "மாப்ளே, கூட்டத்தை அடக்குத டிபார்ட்மெண்ட்ல இருந்துட்டு நீரே மேடையில ஏறலாமாவே?" என்று கேட்கிறார். அடுத்த இதழில் மறுப்பு வரவேண்டும். வராவிட்டால் என்னால் இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். என் மகள் ஸ்வாதிக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மாதத்தில் பதினைந்து நாள் நாங்கள் அங்கே, பதினைந்து நாள் தென்காசியில். மூக்குக்கண்ணாடி இங்கே இருந்தால் மாத்திரை அங்கே இருக்கும், அப்படி ஒரு வாழ்க்கை. பெங்களூரில் முதல் நாலு மாதம் பேச ஆள் இல்லை. லிஃப்டில் வணக்கம் வைத்தால் எல்லாரும் போனைப் பார்ப்பார்கள். ஒரு ஞாயிறு சாயங்காலம் பால் வாங்கப் போனவன், இரண்டு தெரு தள்ளி மேளச்சத்தம் கேட்டு, இந்த ஊரில் யார் கோயில் கொடை நடத்துகிறார்கள் என்று பார்க்கப் போனேன். அது ஒரு சமுதாயக்கூடம். உள்ளே கானா நாட்டுக்காரர்கள் ஆறு பேர், இடுப்பு உயரத்துக்கு முரசுகள், நடுவில் நின்று அடித்தவள் ஒரு பெண். பெயர் அக்கோசுவா. ஞாயிற்றுக்கிழமை பிறந்த பெண்ணுக்கு அவர்கள் பக்கம் வைக்கிற பெயராம். அவள் அடித்த முதல் அடி என் அடிவயிற்றில் விழுந்தது. அன்றைக்கு நான் பால் வாங்கவில்லை.

அதிலிருந்து பெங்களூரில் ஆப்பிரிக்கா என்று எங்கே போர்டு வைத்தாலும் முன்வரிசையில் நான் இருப்பேன். அக்கோசுவாவின் முரசு வகுப்பில் சேர்ந்தேன். மற்றவர்கள் விரலால் தட்டிப் பழகும்போது, நான் குடியரசு தின அணிவகுப்பு ஞாபகத்தில் ஒரு போடு போட்டேன். பக்கத்து அறையில் யோகாசனத்துக்காகக் கண்ணை மூடிப் படுத்திருந்த இருபது பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு மர முகமூடிக் கண்காட்சிக்குப் போனேன். அந்த முகங்களை வாசலிலிருந்து பார்த்ததுமே எங்கள் சுடலைமாடசாமி முன்னால் வந்து நின்றதுபோல் இருந்ததால், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பின்னால் வந்தவர்கள் அதுதான் அங்கே முறை என்று நினைத்துக் கழற்ற, அவர்களைப் பார்த்து மற்றவர்கள் கழற்ற, அரைமணி நேரத்தில் வாசலில் நாற்பது ஜோடி சேர்ந்து, கண்காட்சி நடத்தியவரே தன் பூட்ஸையும் கழற்றிவிட்டு டோக்கன் கொடுக்க ஒரு ஆளைப் போட்டார். அவர்கள் வைத்த சாப்பாட்டு விழாவில் முப்பிடாதி நிலக்கடலைக் குழம்பை ஒரு வாய் சாப்பிட்டாள். "ஏங்க, உப்பும் ஒரப்பும் நம்ம கைக்கணக்காவுல்லா இருக்கு" என்று சமையல்கட்டுக்குள் போனவள் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள், கையில் தூக்குச்சட்டியோடு.

இத்தனையிலும் எனக்கு ஒரே ஒரு குறை. நம் பக்கத்துக் கொடையில் மேளக்காரர் ஓரிடத்தில் தூக்கி அடித்தால், அந்த இடத்திலேயே ஒருத்தர் எழுந்து போய் அவர் கழுத்தில் துண்டு போடுவார் அல்லவா? முடிந்த பிறகு போட்டால் மேளக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பெங்களூரில் நான் துண்டோடு எழுந்தபோதெல்லாம் ஸ்வாதி வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, உக்காருங்க. இங்கன எல்லாம் முடிஞ்ச பொறவுதான் கைதட்டணும். மானத்த வாங்காதீங்க." ஒரு வருடமாக அந்தச் சிவப்புக்கரைத் துண்டு பையிலேயே கிடந்தது.

இந்த சீசனுக்கு அக்கோசுவா குழுவைக் குற்றாலத்துக்குக் கூட்டிவந்ததே நான்தான். பிச்சைமணி அதை எழுதவில்லை. காலையில் எல்லாரையும் ஐந்தருவிக்குக் கூட்டிப்போய்க் குளிக்க வைத்தேன். சாயங்காலம் நிகழ்ச்சி தொடங்கிப் பத்தாவது நிமிடம் கரண்ட் போனது. மைக் செத்தது. விழா நடத்தியவர்கள் டார்ச்சோடு ஓடுகிறார்கள், மேலே தகரத்தில் மழை கொட்டுகிறது, அக்கோசுவா மட்டும் நிறுத்தவில்லை. மழைக்கு மேலே ஏறி அடித்தாள் அண்ணாச்சி! அதற்கு மேல் உட்கார என்னால் முடியவில்லை. பைக்குள் கையை விட்டேன், துண்டை உருவினேன், நாற்காலி மேல் கால் வைத்து ஏறினேன். அப்போதுதான் பிச்சைமணி ஃபிளாஷ் அடித்தார். அவள் கழுத்தில் துண்டைப் போட்டேன். தண்ணீர் அவள் முதுகில் ஓடிய பிறகுதான் தெரிந்தது, அது சிவப்புக்கரைத் துண்டு இல்லை, காலையில் நான் குளித்த துண்டு.

முரசு நின்றது. தொண்டர்கள் இரண்டு பேர் என் கையைப் பிடித்தார்கள். என்னால் அவர்கள் ஆட்டம் கெட்டுவிட்டதே என்று இறங்கப் பார்த்தேன். அக்கோசுவா தொண்டர்களை விலக்கிவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். லீவு போட்டு எங்களோடு வந்திருந்து, என்னைத் திட்ட மேடையேறிய ஸ்வாதிதான் அதைத் தமிழில் சொன்னாள். "அவங்க ஊர்லயும் அடிக்கும்போதே எந்திச்சு வந்து, தலைக்கு மேல துணிய வீசி மெச்சுவாங்களாம். இங்க வந்து ரெண்டு வருசமாச்சாம். எல்லாரும் நல்லாக் கைதட்டுதாங்க, ஒருத்தரும் எந்திச்சு வரலியேன்னு இருந்துச்சாம்." சொல்லிவிட்டு, என்னைத் திட்டாமலே ஓரமாகத் தள்ளி நின்றாள்.

அப்புறம் அக்கோசுவா அந்தத் துண்டை எடுத்து என் கழுத்தில் போட்டு, பெரிய முரசின் குச்சிகளை என் கையில் கொடுத்தாள். அடித்தேன். முப்பிடாதி கூட்டத்திலிருந்து குலவை போட்டாள். மேடையிலிருந்த பெண்களும் பதில் குலவை போட்டார்கள். கவர்னர்களும் மந்திரிகளும் என் டிரம்முக்குக் கால்வைத்து நடந்திருக்கிறார்கள், ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. முப்பத்தொரு வருடத்தில் என் கழுத்தில் விழுந்த முதல் துண்டு அது. நான் குளித்த துண்டாக இருந்தால் என்ன? பெருமையாக இருக்கிறது என்று சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. இதெல்லாம் நடக்கும்போது பிச்சைமணி வெளியே சூடாக நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டிருந்தார்.

ஆகவே, இடையூறு எதுவும் நடக்கவில்லை, அந்த நபர் முதியவரும் அல்ல என்று அதே நான்காம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் மறுப்பு வெளியிட வேண்டுகிறேன். தங்கள் பத்திரிகை பத்தாயிரம் பிரதியாகப் பெருகவும், பிச்சைமணிக்கு நிகழ்ச்சி முடியும்வரை உட்காரும் பொறுமை அமையவும் குற்றாலநாதர் அருள் புரியட்டும்.

இப்படிக்குத் தங்கள் வாசகன்,
சு. தளவாய், பெரிய டிரம் (ஓய்வு).

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஸ்வாதி போன் செய்தாள். தங்கள் செய்தியை அக்கோசுவாவுக்குப் படித்துச் சொன்னாளாம். அவள் சிரித்து உருண்டுவிட்டு, அதைப் பெரிதாக அச்சடித்து முரசு வகுப்பின் சுவரில் ஒட்டிவிட்டாளாம். எனவே தயவுசெய்து மறுப்பு வேண்டாம். வரும் ஞாயிறு பெங்களூரில் அவர்கள் நிகழ்ச்சி, சாயங்காலம் ஆறு மணிக்கு. நோட்டீஸில் 'இடையூறு: முதியவர் தளவாய், தென்காசி' என்று என் பெயரையும் போட்டிருக்கிறார்கள். பிச்சைமணியை அனுப்பிவையுங்கள், ஆறரைக்கு இடதுபக்கமாக ஏறுவேன். துண்டு ஈரமாகத்தான் வேண்டுமாம். ஐந்தருவியில் நனைத்து இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.