நைந்த வேட்டி ஒன்று

"மாப்ளே, வூட்ல பழைய வேட்டி எதுனா இருக்குதா?"

கைப்பேசியில் மாமியார் தையல்நாயகி கேட்ட இக்கேள்வி குமரேசனைத் திகைக்க வைத்தது. அவனுக்கு ஆண் குழந்தை பிறந்து நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை. வெந்நீர்க் குடுவையை எடுத்துச் செல்வதற்காக அப்போதுதான் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருந்தான்.

"வேட்டியா? எதுக்கு அத்தே?"

"நல்லாத் தொவச்சித் தொவச்சி நைஞ்சுபோனதா ஒண்ணு எடுத்தாங்க. பச்சப்புள்ளைக்குப் புதுத்துணி ஒத்துக்கல. இடுப்பெல்லாம் ஒரசிச் செவந்து கெடக்குது, பாவம்."

"அழுவுதா அத்தே?"

"வாய்வுட்டு அழுதாத்தான் தேவலையே! நெளிஞ்சிக்கினு, சிணுங்கிக்கினே கெடக்குது. ஜல்தியா வாங்க."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. குமரேசன் நிமிர்ந்து நின்றான். சோதனை தொடங்கிவிட்டது என்பதை அவன் உணர்ந்துகொண்டான்.

அச்சோதனை யாதென்பதை இவ்விடத்தில் கூறிவிடுதல் நலம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்னும் வழக்கப்படி, ஐந்தாண்டுகளுக்கு முன்னர் அவன் மனைவி வெண்ணிலா திண்டிவனத்திற்குச் சென்று மகள் கலைப்பிரியாவைப் பெற்றெடுத்தாள். விழுப்புரத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த குமரேசனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே அங்குச் செல்ல இயன்றது. மகளின் தொப்புள்கொடி விழுந்ததையும், அவள் முதன்முதலாகச் சிரித்ததையும், குப்புறக் கவிழ்ந்ததையும் அவன் கைப்பேசித் திரையில்தான் கண்டான். வாரந்தோறும் பேருந்தேறி வந்த அவனைத் திடீர்ச் சோதனைக்கு வந்த அதிகாரியைப் பார்ப்பதுபோல் அக்குழந்தை பார்த்து அலறியது.

ஆகவே, இரண்டாம் பிரசவம் கணவன் வீட்டில்தான் என்பதில் அவன் உறுதியாக நின்றான். பெற்றோர் இல்லாத வீட்டில் பச்சை உடம்புக்காரியைக் கவனிப்பவர் யார் என்று மாமியார் கேட்டபோது, "நான் இருக்கறேன் அத்தே!" என்று மார்தட்டினான்.

"செரி மாப்ளே. மூணு நாளு ஆஸ்பத்திரியில இருந்து பாக்கறேன். உங்களால முடியாதுன்னு தோணிச்சின்னா, நாலாம் நாளு காரு வச்சித் தாயையும் புள்ளையையும் திண்டிவனத்துக்கு இட்டுக்கினு போயிடுவேன்" என்றார் தையல்நாயகி. அவர் சொன்னால் சொன்னதுதான்.

குமரேசன் அலமாரியைத் திறந்தான். கைலிகள் பதின்மூன்று இருந்தன. அவற்றுள் நான்கைந்து பஞ்சினும் மெல்லியனவாக நைந்திருந்தன. ஆயினும் மாமியார் கேட்டது வேட்டியேயன்றிக் கைலி அன்று. வேட்டி என்ற பெயரில் அவனிடம் இருந்தது ஒன்றே. திருமணத்தின்போது, இடுப்பிலிருந்து நழுவிவிடுமோ என்ற அச்சத்தால் வாங்கப்பட்ட, ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்த வேட்டி அது.

அதையே எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தான். மகப்பேற்றுப் பிரிவு முதல் மாடியில் இருந்தது. மாலை நான்கு முதல் ஐந்து மணி வரையன்றி ஆடவர் எவரும் மாடியேறலாகாது. கீழே, நுழைவாயிலருகே, பெஞ்சில் மாமனார் சின்னதுரை அமர்ந்திருந்தார். மரக்காணத்தில் ஒரு திருமணத்திற்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர், மகளுக்கு வலி கண்ட செய்தி கேட்டு, அணிந்திருந்த புது முழுக்கால்சட்டையோடு அப்படியே மனைவியுடன் பேருந்து ஏறியவர். இறங்கும் அவசரத்தில் துணிப்பையைப் பேருந்திலேயே விட்டுவிட்டதால், மனைவியிடம் பெற்ற வசவுகளை இன்னும் செரித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, நான் இன்னா சொல்றேன்னா..." என்று அவர் தொடங்கினார்.

"தோ வந்துட்றேன் மாமா!" என்று குமரேசன் அவரைக் கடந்தோடி, ஆயா முனியம்மாளிடம் வேட்டிப் பையைக் கொடுத்து மேலே அனுப்பினான்.

பத்தே நிமிடத்தில் கைப்பேசி ஒலித்தது.

"இன்னா மாப்ளே இது? கரகரன்னு பட்டி வச்சித் தச்சிருக்குது? பொரண்டு படுத்தா இடுப்புல குத்தாது? ஏற்கெனவே செவந்து கெடக்குதுன்னு சொன்னனா இல்லையா?"

"அத்தே, வேணும்னா பட்டியப் பிரிச்சிட்டு..."

"பழசா, நைஞ்சதா கேட்டேன். இதுக்கே இந்தப் பேஜாரா?"

இறுதிச் சொற்கள் அவனைச் சுட்டன. வெண்ணிலாவிடம் யோசனை கேட்கலாமென்றால், கண்ணுக்கு ஆகாது என்று அவளுடைய கைப்பேசியை மாமியார் வாங்கித் தம் முந்தானையில் முடிந்துவைத்திருந்தார்.

எதையும் பழுதுபார்த்துவிடலாம் என்பது குமரேசனின் தொழில்முறை நம்பிக்கை. பழையதைப் புதிதாக்கத் தெரிந்தவனுக்குப் புதியதைப் பழையதாக்குதல் அரிதா? கடைவீதியில் பருத்தி வேட்டியொன்றை வாங்கினான். வீட்டிற்கு வந்து, அதைச் சலவை இயந்திரத்தில் இட்டுத் தொடர்ந்து எட்டு முறை துவைப்பதென்று திட்டமிட்டான். இடையிடையே எடுத்துத் துவைகல்லில் அடிக்கவும் செய்தான். அவன் அடித்த அடியில் அண்டை வீட்டார் சன்னலைத் திறந்து பார்த்தனர்.

அன்று மாலை நான்கு மணிக்கு நான்காம் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்கு ஐந்தாம் சுற்று. குழந்தையைப் பார்க்கும் வேளை கடந்துவிட்டதை அவன் ஆறாம் சுற்றில்தான் உணர்ந்தான். பிறந்தவுடன் மருத்துவமனையின் பச்சைத் துணியில் சுற்றி ஒரு கணம் காட்டினார்களே, அதற்குப்பின் அவன் மகனைக் காணவேயில்லை.

மறுநாள் காலை, எட்டாம் சுற்று முடிந்து வேட்டியை வெளியே எடுத்தான். வேட்டி ரோஜா நிறத்தில் இருந்தது. அதனோடு பின்னிக்கொண்டு கலைப்பிரியாவின் சிவப்புப் பாவாடையும் வெளியே வந்தது.

"இது எப்பிடி உள்ள வந்துச்சி?"

"நான்தாம்பா போட்டேன். நீ ஒண்ணே ஒண்ண தொவச்சிக்கினு இருந்த இல்ல, அதுக்குத் தொணைக்கு" என்றாள் மகள். பின்னர் வேட்டியைத் தடவிப் பார்த்து, "தம்பிக்குப் பாவாட தைக்கப் போறியாப்பா?" என்று வினவினாள்.

வேறு வழியின்றி அதையே எடுத்துச் சென்றான். பெஞ்சிலிருந்த சின்னதுரை, பையின் வாய்வழியே எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளிறியது.

"மாப்ளே, இது... யாருக்கு?"

"கேக்காதீங்க மாமா. தொவைக்கறப்போ தப்பு நடந்துபோச்சி."

"இல்ல, நான் இன்னா சொல்லவரேன்னா, அவ்ளோ செரமப்படாதீங்க. உங்க வூட்ல..."

அதற்குள் மேலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

"ரோஸு கலருல கட்டிவுட்டா பாக்குறவங்கோ சிரிப்பா சிரிக்க மாட்டாங்க? ஆம்பளன்னு சொன்னா எவ நம்புவா? மாப்ளே, உங்களுக்கு முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க. நான் திண்டிவனத்துக்கு ஆள அனுப்பி எடுத்தாறச் சொல்றேன்."

திண்டிவனம் என்ற சொல்லைக் கேட்டதும் குமரேசன் முந்திக்கொண்டான். "வேணாம் அத்தே! நாளைக்குக் காலையில கண்டிப்பா கொண்டாரேன்!" என்று உறுதி கூறினான். அன்றைய மாலை நான்கு முதல் ஐந்து மணியை அவன் தெரிந்தவர் வீடுகளில் ஏறி இறங்குவதில் கழித்தான். விழுப்புரத்து ஆடவர் அனைவரும் முழுக்கால்சட்டைக்கும் கைலிக்கும் மாறிவிட்டனர் என்னும் உண்மையைத் தவிர வேறொன்றும் அவனுக்குக் கிட்டவில்லை.

மூன்றாம் நாள் காலை, பக்கத்துத் தெரு விருத்தாசலம் அவன் நினைவுக்கு வந்தார். அவர் ஒரு கட்சியின் வட்டச் செயலாளர். அவரை வேட்டியின்றிக் கண்டவர் எவருமிலர்.

"வேட்டிதான? எத்தினி வோணும்?" என்று பெட்டியைத் திறந்தார் அவர். "இந்தா தம்பி, இது மூணு மாநாடு பாத்த வேட்டி. தொட்டுப் பாரு, வெண்ணெ மாதிரி இருக்கும். யாருக்கு?"

"பொறந்த கொழந்தைக்குங்க."

விருத்தாசலத்தின் கண்கள் கலங்கின. "என் வேட்டியா? கொழந்தைக்கா?" என்று அவர் தழுதழுத்தார்.

வேட்டி உண்மையில் வெண்ணெய் போலவே இருந்தது. அதன் இரு ஓரங்களிலும் நான்கு விரற்கடை அகலத்தில் கட்சிக் கரை இருந்ததை, அம்மென்மையில் மயங்கிய குமரேசன் ஒரு பொருட்டாகக் கருதவில்லை. அவன் மருத்துவமனையை அடையுமுன்னரே, விருத்தாசலம் தம் கைப்பேசியில், "பிறந்த மூன்றாம் நாளே நம் கரை வேட்டி உடுத்திய இளஞ்சிங்கம்! திண்டிவனத்துப் பேரன்!" என்று எழுதி, எங்கிருந்தோ எடுத்த ஒரு கொழுத்த குழந்தையின் படத்துடன் ஊரெங்கும் பரப்பிவிட்டார்.

பெஞ்சில் சின்னதுரையின் கைப்பேசி இடைவிடாது ஒலித்துக்கொண்டிருந்தது.

"இல்லப்பா, நான் கட்சி மாறல... எம்பேரனும் மாறல... அவனுக்கு இன்னும் பேரே வெக்கலப்பா!"

அவர் முப்பத்திரண்டு ஆண்டுகளாக வேறொரு கரையைச் சேர்ந்தவர் என்பது அப்போதுதான் குமரேசனின் நினைவுக்கு வந்தது. ஆனால் வேட்டி ஏற்கெனவே மேலே சென்றுவிட்டது.

"மாப்ளே!" மாமியாரின் குரல் கைப்பேசியின்றியே மாடியிலிருந்து கேட்டது. "இந்தக் கரையக் கட்டிக்கினு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல எறங்குனா, எங்க சனம் சும்மா வுடுமா?"

ஆயா முனியம்மாள் பையைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள். "மூணு நாளா இந்தப் படியில ஏறி எறங்கி என் முட்டி தேய்ஞ்சிபோச்சி சாமி. துணிக்கடையாவே ஒண்ணு இங்க வச்சிடு" என்றாள்.

கரையை மட்டும் நீக்கிவிட்டால்? வீட்டிற்கு ஓடிக் கத்தரிக்கோலை எடுத்தான். ஒரு பக்கக் கரை ஒழுங்காகவே வந்தது. மறுபக்கத்தைச் சற்று இழுத்தான். மூன்று மாநாடுகளைக் கண்ட அவ்வேட்டி, நான்காவது சோதனையைத் தாங்கவில்லை. சர்ரென்று நடுவில் கிழிந்தது. கிழிந்ததைச் சரிசெய்ய முயன்றபோது குறுக்கிலும் கிழிந்தது. இறுதியில் அவன் கையில் மிஞ்சியவை, கைப்பேசித் திரை துடைப்பதற்கு மிகவும் ஏற்ற பதினாறு துண்டுகள்.

அவன் மீண்டும் மருத்துவமனை வாயிலை அடைந்தபோது, காவலர் கடிகாரத்தைக் காட்டினார். "அஞ்சி பத்து ஆவுது சார். நாளைக்குத்தான் எப்பிடியும் அனுப்பிடுவாங்களே, அப்பப் பாத்துக்கோ."

நான்காம் நாள் காலை குமரேசன் வெறுங்கையோடு வந்தான். வாயிலில் ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. அதைக் கண்டதுமே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இனி மூன்று மாதங்கள் ஞாயிறுதோறும் பேருந்து. மீண்டும் கைப்பேசித் திரை.

வெண்ணிலா மெல்ல நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னே குழந்தையை ஏந்தியபடி தையல்நாயகி மாடிப்படி இறங்கினார். குமரேசன் அருகில் சென்றான். நீலப் பூப்போட்ட துணியொன்றிற்குள் சிவந்த முகம் ஒன்று, உலகக் கவலை எதுவுமின்றி உறங்கிக்கொண்டிருந்தது. அவன் நீட்டிய விரலை, கண் திறவாமலேயே அது பற்றிக்கொண்டது.

குமரேசன் மாமியாரை நிமிர்ந்து பார்த்தான். "அத்தே, என்னால முடியல. விழுப்புரம் முழுக்கத் தேடிட்டேன். ஒரு பழைய வேட்டிகூட என்னால கண்டுபுடிக்க முடியல. நீங்க சொன்ன மாதிரி திண்டிவனத்துக்கே இட்டுக்கினு போங்க. ஞாயித்துக்கெழமைல நான் வந்து பாத்துக்கறேன்."

வெண்ணிலா நின்றாள். "இன்னாங்க சொல்றீங்க? காரு நம்ம வூட்டுக்குத்தான் சொல்லியிருக்குது. எதுக்கு வேட்டி?"

"கொழந்தைக்கு. இடுப்பெல்லாம் ஒரசிச் செவந்துபோச்சின்னு..."

தையல்நாயகி மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். "கொழந்தைக்கா? அதுக்குத்தான் இவளோட பழைய பொடவைய மொத நாளே கிழிச்சிச் சுத்திட்டனே மாப்ளே!"

"அப்போ பச்சப்புள்ளன்னு சொன்னீங்களே?"

தையல்நாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சின் பக்கம் திரும்பினார். அவர் தோள்கள் குலுங்கின.

நான்கு நாள்களாக அதே முழுக்கால்சட்டைக்குள் அடைபட்டிருந்த சின்னதுரை, இடுப்பைப் பிடித்தபடி மெல்ல எழுந்தார்.

"அது நான்தான் மாப்ளே; மூணு மாசம் உங்க வூட்லதான் தங்கறதுன்னு இவ மொத நாளே முடிவு பண்ணிட்டா, வேட்டி இல்லன்னா போவுது, உங்க பழைய கைலி ஒண்ணு இருந்தா குடுங்க."