அப்பப்பாவின் கல்லறையில் ஒட்டிய ஸ்ரிக்கர்

வங்காலை

அன்பின் பெறாமகன் டிலோஜனுக்கு,

உன் சித்தப்பா செபமாலை எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லோரும் நல்ல சுகம். என் சுகம் மட்டும் இன்று மத்தியானம்தான் திரும்பி வந்தது. கனடாவில் குளிர் எப்படி, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் முறைப்படி கேட்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். சொல்ல வேண்டியது கனக்க இருக்கிறது.

நீ அனுப்பிய என்.எவ்.சி. ஸ்ரிக்கர் இரண்டும் கிடைத்தன. காசளவு வட்டம், போனைக் கிட்டக் கொண்டுபோனால் அதில் எழுதி வைத்தது திரையில் வருகிறது. அப்பப்பாவின் கல்லறையில் ஒட்டினால் சேமக்காலைக்கு வருகிறவர்கள் அவருடைய மரண அறிவித்தலை வாசிக்கலாம் என்றாய். நல்ல யோசனைதான். நான் சும்மா இருக்காமல், ஒன்றைப் பரீட்சைக்கு எங்கள் கேற்றில் ஒட்டி "செபமாலை இல்லம், நல்வரவு" என்று எழுதினேன். அடுத்தநாள் விடிய இரண்டு பேர் வாளி நிறைய நண்டோடு வந்து நிற்கிறார்கள். "அண்ணை, கிலோ என்ன விலைக்கு எடுக்கிறியள்?" கேற்றில் போனை வைத்துப் பார்த்தால் "இங்கே நண்டு வாங்கப்படும்" என்று இருக்கிறது. எவனோ ஒரு குரங்கு போகிற போக்கில் தன் போனால் மாற்றி எழுதி, ஊருக்கும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். உனக்குப் போன் அடித்துச் சொன்னேன். நீ நன்றாகச் சிரித்துவிட்டு, "சித்தப்பா, பூட்டாத ஸ்ரிக்கரிலை ஆரும் எழுதலாம். பிறவுசரிலை நான் அனுப்பின பக்கத்தைத் திறந்து பூட்டுங்கோ. பூட்டினாப் பிறகு ஒருத்தராலையும் மாத்தேலாது, உங்களாலையும்தான்" என்றாய்.

மரண அறிவித்தல் என்றால் எங்கள் சனத்துக்கு எப்படி என்று உனக்குத் தெரியும். ஒரு பெயர் விடுபட்டால் பிறகு கல்யாணவீடு, செத்தவீடு எதிலும் முகம் பார்க்க மாட்டார்கள். ஆகவே எல்லோரையும் போட்டு நீட்டாக எழுதினேன். ஸ்ரிக்கரில் இடம் போதாது என்றது அந்தப் பக்கம். தமிழ் எழுத்து அதிக இடம் பிடிக்குமாம். "பாசமிகு" போனது, "அன்பு" போனது, அப்படியும் போதவில்லை. சரி, பிறகு பார்ப்போம் என்று கையில் அகப்பட்ட ஒரு வரியை வெட்டினேன், உடனே எழுதிக்கொண்டது. அந்தச் சந்தோசத்தில், எங்கள் வளவில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான கேற்றடியில் சாய்ந்துகொண்டு, ஒரு கையில் ஸ்ரிக்கர், மறு கையில் போன், பூட்டுகிற பொத்தானை அழுத்தினேன். "இனி ஒருபோதும் மாற்ற முடியாது, சம்மதமா?" என்று கேட்டது. போன் கேட்கிற எல்லாக் கேள்விக்கும் சொல்கிற மாதிரி ஓம் என்றேன். பூட்டியாயிற்று என்று வந்தது. உப்புக் காற்றுக்கு உந்தப் பசை நிற்காது என்று, படகு ஓட்டை அடைக்கிற றெசினை ஊற்றிக் கல்லில் பதித்தேன். கேற்றில் இருப்பதைப் பிறகு ஆறுதலாக மாற்றலாம் என்று மிஞ்சிய றெசினை அதற்கும் ஊற்றினேன்.

பின்னேரம் உன் சித்தி கல்லறைக்கு வந்து போனை வைத்து வாசித்தாள். "இஞ்சேருங்கோ, எங்கை பஸ்ரியன் அண்ணையின்ரை பேர்?"

போனை வாங்கி நானும் வாசித்தேன். நான் வெட்டின வரி அப்பப்பாவின் மருமகன், உன் பஸ்ரியன் மாமாவுடையது. யாரை விட்டாலும் அவரை விடலாமா? அப்பப்பாவுக்கு மூச்சு இழுத்த அன்று தன் ஓட்டோவில் முருங்கன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியவர், கட்டிலடியில் இருந்து வாய் துடைத்துவிட்டவர் அந்த மனிசன். பெற்ற மகன் நான் பக்கத்துக் கதிரையில் நித்திரை. கல்லை உடைக்காமல் றெசினைக் கிளப்ப முடியாது, பூட்டினதைத் திருப்பி எழுதவும் முடியாது. அடுத்தநாள் பார்க்கிறேன், மாமா கல்லறையில் குனிந்து போனைக் கல்லோடு பிடித்துக்கொண்டு நிற்கிறார். நிமிர்ந்தார், கன்னத்தில் கையை வைத்தார், என்னைப் பாராமலே போய்விட்டார். அதன் பிறகு என் போனை எடுக்கவே இல்லை. நாளைக்கு முதலாம் ஆண்டுத் திருப்பலி. அவர் வராவிட்டால் அன்ரோனெற் மாமியும் வரமாட்டாள். மகள் இல்லாமல் அப்பாவுக்கு என்ன பூசை? எனக்குச் சோறு இறங்கவில்லை மகன்.

இன்று மத்தியானம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமா கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு இருந்தார். நான் வாசலிலேயே தொடங்கி, இடம் போதாதது, வரி வெட்டினது, பூட்டினது, றெசின் எல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டு முடித்தேன். மாமி வாயைப் பிளந்தாள். "என்னடா சொல்லுறாய்? கல்லிலை இவரின்ரை பேர் இல்லையோ?"

அவர்களுக்கு ஒன்றும் தெரியாது! மாமாவின் பழைய போனில் அந்த வசதியே இல்லை. ஆண்டுத் திருப்பலிக்கு முதல் கல்லறைக்குப் பெயின்ற் அடிக்க, எங்கே உரிந்திருக்கிறது என்று கிட்டப் பிடித்துப் படம் எடுத்தாராம். போன் எடுக்காதது பல்லு வலியால். கேட்காமலே நானாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மாமா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மச்சான், எனக்கென்னத்துக்குக் கல்லிலை பேர்? மாமா கடைசியாக் கூப்பிட்டது என்ரை பேரைத்தானே." நான் அழுதுவிட்டேன். இவ்வளவு நாளும் நெஞ்சில் இருந்த பாரம் அப்படியே இறங்கிவிட்டது. நாளைக்கு எல்லோரும் வருகிறார்கள்.

ஆகவே நீ கவலைப்படாதே, புது ஸ்ரிக்கர் அனுப்பாதே, பூட்டினது பூட்டினபடி இருக்கட்டும். மாதா உன்னைக் காப்பாராக. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

இப்படிக்கு,
சித்தப்பா செபமாலை

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போட முதல் இதையும் எழுதுகிறேன். இன்று திருப்பலி முடிந்து எல்லோரும் கல்லறைக்குப் போனோம். மாமியின் மகள் கிருஷிகா போனை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம், "மாமா, இது பூட்டுப்படவே இல்லையே!" என்றாள். அன்றைக்கு நான் கேற்றில் சாய்ந்து நின்றபோது போன் முட்டினது கேற்று ஸ்ரிக்கரிலாம், பூட்டுப்பட்டதும் அதுதானாம். ஆகவே, "இங்கே நண்டு வாங்கப்படும்" என்பது இனி என் காலம் முடிந்தாலும் மாறாது. கல்லறையில் கிருஷிகா தன் அப்பாவின் பெயரை முதலாவதாக எழுதினாள். இடம் போதவில்லை. அவள் வெட்டினது என் பெயரை. "இனி ஒருபோதும் மாற்ற முடியாது, சம்மதமா?" என்று கேட்டது. அவள் கையிலிருந்து போனை வாங்கி, இந்த முறை வடிவாக வாசித்துவிட்டு, நானே ஓம் என்று அழுத்தினேன்.