பிசிறு நீக்கிய ஐந்து ரூபாய்

ஆம்பூர்

அன்புள்ள மாப்பிள்ளை ஜெஃப்ரிக்கு,

மாமா சுந்தர்ராஜ் எழுதுவது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இங்கே நான் தேவகிருபையாலும் உங்கள் அத்தை கிருபாவாலும் சுகமாக இருக்கிறேன். ஓசூரில் நீங்களும் எங்கள் மகள் ஜெனிஃபாவும் அவ்விதமே இருக்க ஜெபிக்கிறேன். போனில் சொல்ல வாய் வராத விஷயம் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

கல்யாண விருந்தில் உங்கள் இடது ஷூவில் தையல் வளைந்திருக்கிறது என்று நாலு பேர் முன்னால் நான் சொன்னதிலிருந்து, "ஆமாங்க மாமா", "இல்லீங்க மாமா" தவிர நீங்கள் என்னோடு பேசியதில்லை. ஷூ கம்பெனி செக்கிங்கில் இருந்து ரிடையரானவன் கண்ணை மூடிக்கொண்டா இருக்க முடியும்? அப்படிப்பட்ட நீங்கள் ஈஸ்டருக்கு வந்தபோது, "மாமா, மிண்ட்ல தப்பா அடிச்ச காசுங்கள சேக்கறேன். உங்க கண்ணுக்கு ஏதாவது மாட்டுச்சுன்னா எடுத்து வைங்க" என்று வாய்விட்டுக் கேட்டீர்கள். எனக்கு அன்று ராத்திரி சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. எப்படியாவது ஒன்றைப் பிடித்து உங்கள் கையில் கொடுத்து, உங்களோடு ராசியாகிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதிலிருந்து கையில் வரும் சில்லறையை எல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. பஸ்ஸில் கண்டக்டர் முறைத்தார். பிரியாணிக் கடை கலீமுல்லா பாய், "இன்னா சார், நம்ம காசு மேலயே டவுட்டா?" என்று பேஜாராகிவிட்டார். ஆனால் அவர் கல்லாவிலிருந்துதான் அந்த ஐந்து ரூபாய் வந்தது. வருஷத்தில் ஓர் எண் மங்கலாக விழுந்திருந்தது. இதுதான் மாப்பிள்ளை கேட்ட தப்பு என்று, கம்பெனியில் பழுதைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை அந்த இடத்தில் ஒட்டினேன். அப்போதுதான் பார்த்தேன், விளிம்பில் ஒரு பக்கம் உலோகம் பிதுங்கி மேடாக நின்றது. பிசிறு! பிசிறோடு ஒரு ஜோடியைக்கூட நான் பெட்டிக்குள் போகவிட்டதில்லை. மாப்பிள்ளைக்குப் போகிற பொருள், சுத்தமாகப் போகட்டும் என்று கம்பெனி ஃபினிஷிங்கில் இருக்கும் என் தோஸ்த் ஜியாவுதீனிடம் கொடுத்தேன். அவரும் ஓரத்தை அராவி, பஃபிங் மெஷினில் பிடித்து, கண்ணாடி போல் ஆக்கிக் கொடுத்தார்.

அனுப்புவதற்கு முன்பு ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வேலூரில் நாணயம் சேகரிக்கும் தபரேஸ் பாயிடம் காட்டினேன். எண் மங்கியது வெறும் தேய்மானமாம். "வேற எதுனா இருந்துச்சா சார்?" என்றார். பிசிறைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். மனுஷர் தலையில் கை வைத்துக்கொண்டார். காசு அடிக்கும் அச்சின் ஓரம் உடைந்துபோனால், உடைந்த இடத்தில் உலோகம் புகுந்து அப்படி மேடாக நிற்குமாம். அதைத்தான் சேகரிப்பவர்கள் தேடி அலைகிறார்களாம். "அதான் சார் தப்பே! நீங்க தப்ப சரி பண்ணிட்டீங்களே! இப்ப கடைக்காரனே இத வாங்க யோசிப்பான்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை வராத குறை.

நீங்கள் கேட்ட ஒரே ஒரு பொருளை என் கையாலேயே கெடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். மீண்டும் பழையபடி "ஆமாங்க மாமா" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். இன்னொன்று கிடைக்கும்வரை ஓயமாட்டேன். கர்த்தர் உங்கள் இருவரையும் ஆசீர்வதித்து, உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
அன்பு மாமா சுந்தர்ராஜ்

பி.கு.: கவர் ஒட்டப் பசை கேட்டபோது உங்கள் அத்தை இதை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு அடங்கவே இல்லை. "மாப்ள காசும் சேக்கல, ஒண்ணும் சேக்கல. நீங்க ரிடையராகி வந்ததுலேர்ந்து தோசையில ஓட்ட, பொடவையில பிசிறுன்னு என் உயிர எடுத்துனு இருந்தீங்க. ஜெனிகிட்ட சொல்லி அழுதேன். மாமா காசுல குறை கண்டுபிடிக்கட்டும்னு அவருதான் ஐடியா குடுத்தாரு. இப்பதான் நான் நிம்மதியா சமைக்கறேன்" என்றாள்.

கோபம் வந்தது, மறைக்கவில்லை. சாயங்காலம்வரை அவள் போட்ட காபியைத் தொடவில்லை. பிறகு உங்கள் யோசனையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். ஒரு பிசிறும் இல்லை. ஆகவே மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தேறிய ஷூவுக்கு ஒட்டும் பச்சை ஸ்டிக்கர் ஒன்று வீட்டில் இருந்தது. அதை மேலே உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

அன்றைக்குத் தையல் மட்டும் வளைந்துதான் இருந்தது.