காற்று நின்றால் மெயினும் நிற்கும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் சுகம். அங்கு தாங்களும் வீட்டில் அனைவரும், குறிப்பாகத் தங்கள் இரு கண்களும், சுகமாக இருக்க வேண்டுமென்று மனமார விரும்புகிறேன். சோப்பு எரிச்சல் இதற்குள் தணிந்திருக்கும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. "மனுஷங்க குடியிருக்கிற வீடா அது மாறுற வரைக்கும் பேத்தியை லீவுக்கு அங்க அனுப்பறதா இல்ல" என்று எழுதியிருந்தீர்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். அப்போதும் அப்படியேதான் இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன் சம்பந்தி, வலித்தது. அவளுக்காக மாடி அறைக்கு வெள்ளை அடித்து, உடைந்த ஜன்னல் கொக்கியை மாற்றி, அவள் எட்டும் உயரத்தில் ஒரு அலமாரியும் அடித்து வைத்திருக்கிறேன். இருந்தாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறது. இது மன்னிப்புக் கடிதம் அல்ல. அப்படி நினைத்து உறையைப் பிரித்திருந்தால் திரும்ப ஒட்டிவிடுங்கள்.

நடந்ததை நீங்கள் உங்கள் பாணியில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதாக மாப்பிள்ளை சொன்னார். என் பாணியிலும் ஒருமுறை கேளுங்கள். மின்சாரக் கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டு, வீட்டுக்கு வழக்கமான கரண்ட் வேண்டுமா, காற்றாலை கரண்ட் வேண்டுமா என்று கேட்டார்கள். காற்று என்றேன். புகையில்லை, கரியில்லை, யார் வயிற்றிலும் அடிக்காமல் வருவது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? முதல் வாரம் பெருமை பிடிபடவில்லை. விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தேன். அப்புறம் ஒருநாள் காலை மொட்டை மாடிக்குப் போனால், கொடியில் கிடக்கும் என் துண்டு ஆடவில்லை, அசையவில்லை. ஒரு பொட்டுக் காற்றில்லை. ஆனால் கீழே சமையலறையில் மிக்ஸி கடகடவென்று ஓடுகிறது! காற்றே இல்லாதபோது காற்றாலை எப்படிச் சுற்றும்? அது சுற்றாமல் என் வீட்டு மிக்ஸி எந்தத் தைரியத்தில் சுற்றுகிறது? என் உத்தியோகம் உங்களுக்குத் தெரியும். ரிடையர் ஆகும்வரை கடை கடையாக ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்தவன். மேலே ஒன்று எழுதி உள்ளே வேறொன்றை வைத்த எத்தனை பொட்டலங்களைப் பறிமுதல் செய்திருக்கிறேன்! அந்த மோசடி இப்போது என் வீட்டுச் சுவருக்குள்ளேயே ஓடுகிறது என்றால் சும்மா இருப்பேனா?

உடனே கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"சார், எல்லா கரண்டும் ஒரே கம்பியிலதான் கலந்து வரும். நீங்க செலவழிக்கிற அளவுக்குக் காத்தாலை கரண்டை நாங்க வாங்கி உள்ள விட்டுடுவோம்."

"அப்போ இப்ப என் மிக்ஸியில ஓடறது என்னம்மா?"

"அது கரண்ட் சார்."

"எந்த கரண்ட்?"

"கரண்டுல பேரு எழுதியிருக்காது சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

பேர் எழுதாத சரக்கை நான் வாங்குவதில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கே முடிவெடுத்தேன். துண்டு ஆடினால் மெயின் மேலே, துண்டு நின்றால் மெயின் கீழே. பெயருக்குக் காற்று, உள்ளே கரி என்ற இரட்டை வாழ்க்கை என் வீட்டில் நடக்காது. என் மனைவி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கீழே இறங்கி வந்து, "மெயினை ஆஃப் பண்ணப் போறேன்" என்றால், "பண்ணுங்க, முதல்ல மாவை அரைச்சு எடுத்துக்கறேன்" என்பாள். அதுவல்லவா குடும்பம்! இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது, மறைக்கவில்லை. காற்றடிக்கும்போது மின்விசிறி தேவைப்படாது. தேவைப்படும்போது அதற்குக் கரண்ட் கிடையாது. அதனால் எங்கள் வீட்டு மின்விசிறி கொஞ்ச காலமாக ஓய்வில்தான் இருக்கிறது, என்னைப் போல.

இப்போது நீங்கள் வந்த நாளைப் பார்ப்போம். நீங்கள் குளிக்கப் போனபோது துண்டு ஜோராக ஆடிக்கொண்டிருந்தது. மாடித் தொட்டி காலி என்பதால், அதைப் பார்த்துத்தான் மோட்டார் போட அனுமதித்தேன். நீங்கள் தலை முழுக்கச் சோப்பைப் பூசிக்கொண்டு பாட வேறு ஆரம்பித்தீர்கள். அந்த நேரம் பார்த்துக் காற்று நின்றால் நான் என்ன செய்ய முடியும்? வேறு யாராவது என்றால் சம்பந்தியாயிற்றே என்று கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். சொந்த மைத்துனன் கடைத் தராசுக்கே சீல் வைத்தவன் நான். "யோவ் சம்பந்தி! தண்ணி நின்னு போச்சுய்யா! கண்ணு எரியுதுய்யா!" என்று நீங்கள் கத்தினது எதிர்வீடு வரை கேட்டது. "காத்து வரட்டும், பொறுங்க" என்று நான் கதவருகே நின்று மரியாதையாகத்தான் பதில் சொன்னேன். அந்த 'யோவ்' பற்றி இதுவரை யாரிடமும் நான் புகார் சொல்லவில்லை. உங்கள் சட்டை, பேண்ட் எல்லாம் வாஷிங் மெஷினுக்குள் மாட்டிக்கொண்டதற்கும் நான் பொறுப்பில்லை. கரண்ட் இல்லாவிட்டால் கதவு திறக்காதபடி அந்த மெஷினைச் செய்தவனைக் கேளுங்கள். என் பேண்ட் உங்களுக்கு இடுப்பில் ஏறவில்லை என்பதற்காக என் கொள்கையை எப்படிக் குறை சொல்லலாம்? என் மனைவியின் பூப்போட்ட போர்வையைச் சுற்றிக்கொண்டு ரயில் ஏறியது முழுக்க முழுக்க உங்கள் சொந்த முடிவு. சாயங்காலம் வரை இருந்திருந்தால் காற்று வந்திருக்கும். வந்தது. உங்கள் துணிகள் நன்றாகத் துவைந்து, காய்ந்து, மடித்து இங்கே பத்திரமாக இருக்கின்றன.

ஆகவே சம்பந்தி, என்ன சொன்னாலும் நான் மசியப் போவதில்லை. பேத்தியை அனுப்பினால் சந்தோஷம். அனுப்பாவிட்டால் மாடி அறையைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிடுவேன். உலகத்தில் ஒரே ஒரு வீட்டிலாவது கணக்கு நேராக இருந்தது என்று அவள் வளர்ந்த பிறகு தெரிந்துகொள்ளட்டும்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள். பேத்திக்கு ஆயிரம் முத்தங்கள். அவற்றைக் கொடுப்பதற்குக் கரண்ட் தேவையில்லை என்பதால் நேரம் பார்க்காமல் கொடுக்கவும்.

இப்படிக்கு,
வளையாத தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டும் முன் என் மனைவி கடிதத்தை வாங்கிப் படித்தாள். மாடி அறையைப் பூட்டும் இடம் வந்ததும் நிமிர்ந்து, "அந்தக் காத்தாடியெல்லாம் எங்க இருக்கு?" என்றாள். "கடலோரத்துல. இங்கேருந்து ரயில்ல போனா ஒரு ராத்திரி ஆகும்" என்றேன். "அப்போ காத்து அங்கதானே அடிக்கணும்? நம்ம மாடியில துண்டைப் பாத்து என்ன பிரயோஜனம்?" என்றாள்.

சம்பந்தி, நான் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சோப்போடு நின்ற அந்த நேரத்தில் கடலோரத்தில் சூறாவளியே அடித்திருக்கலாம். அந்தத் தண்ணீர் உங்களுக்கு நியாயமாகச் சேர வேண்டியது. எடை போட வேண்டிய சரக்கை ஒரு ஊரில் வைத்துவிட்டுத் தராசை வேறொரு ஊரில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"இது உனக்கு எப்போ தெரியும்?" என்றேன்.

"முத நாளே தெரியும்."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"ரிடையர் ஆனதுலேருந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. அன்னைக்குத்தான் மறுபடி வேலைக்குப் போறவர் மாதிரி விறுவிறுன்னு மாடி ஏறினீங்க. இருட்டுல சமைச்சுக்கலாம்னு விட்டுட்டேன். குழந்தை வராதுன்னா மட்டும் என்னால முடியாது" என்று சொல்லிவிட்டுப் போய் அவளே மெயினைப் போட்டாள். நான் தடுக்கவில்லை.

குழந்தையை அனுப்பி வையுங்கள். நீங்களும் வாருங்கள்.