நீலக் காப்பு

மரக்காணத்தைச் சுற்றியுள்ள எங்கள் கடற்கரையில், பணக்காரர்களைப் பார்த்து மனதாரப் பரிதாபப்பட்ட ஒரே மனிதர் மல்லாட்டைதான். கேலி இல்லை, நிஜமான பரிதாபம். பெரிய கார் ஒன்று கடலோரச் சொகுசு விடுதியின் வாசலுக்குள் நுழைந்தால் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். "பாவம், யார் பெத்த புள்ளைங்களோ" என்பார்.

எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். அதை விற்றதால் அவருக்கும் அதே பெயர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. காலை பஸ்ஸில் திண்டிவனத்திலிருந்து ஒரு மூட்டையோடு வந்து இறங்குவார். அவரும் மூட்டையும் ஒரே உயரம், ஒரே சுற்றளவு என்பதால் எதற்கு டிக்கெட் போடுவது என்று கண்டக்டரே தயங்குவார். சவுக்குத் தோப்பின் ஓரம் அவருடைய தள்ளுவண்டி. பானையிலிருந்து எழும் ஆவி மரநிழலில் படர்ந்து, அவசரமே இல்லாமல் கடலைப் பார்த்து நகரும். அதன் நடுவே அவர் நின்று பேசுவதைக் கேட்டால், நம் மத்தியானத் தூக்கத்துக்குள் யாரோ கடை போட்டிருப்பது போல இருக்கும்.

அந்தத் தோப்பு வழியாகத்தான் திண்டிவனத்துக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கடலுக்கு வரும். நனைந்துவிட்டுத் திரும்பும்போது மல்லாட்டையிடம் அவித்த கடலை, எதிரே என் அத்தை அஞ்சலையிடம் வறுத்த மீன். பிறகு அந்த விடுதி வந்தது. பெரிய பெரிய ஆட்கள் வருவார்கள் என்று அத்தை பூரித்துப்போனாள். மீன் வறுக்கப் புதுக் கல் வாங்கினாள். போனில் பணம் வந்தால் சத்தமாகச் சொல்லுமே, அந்தப் பெட்டியும் ஒன்று வாங்கிக் குங்குமம் வைத்தாள்.

பெட்டி வாயே திறக்கவில்லை. விடுதிக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே மொத்தமாகக் கட்டிவிடுகிறார்கள். அறை, சாப்பாடு, குடி, குளம் எல்லாம் உள்ளேயே. மாலையில் உட்கார்ந்து டீ குடிக்க ஓலை வேய்ந்த பொய் டீக்கடை கூட உள்ளேயே இருந்தது. உள்ளே போன கார் ஊருக்குத் திரும்பும்போதுதான் வெளியே வரும், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. போதாததற்குத் தோப்பு வழிக்கும் கம்பிக் கதவு போட்டு, விசிலோடு ஒரு காவலாளியை நிறுத்தினார்கள். விசிலுக்குப் பயந்து ஞாயிற்றுக்கிழமைக் குடும்பங்கள் பாண்டிச்சேரிப் பக்கம் போய்விட்டன. அத்தை கெடு வைத்தாள்: மாசி மகத்துக்குள் அடுப்பு பிழைக்கவில்லை என்றால் கடையை மூடிவிட்டுச் சென்னைக்கு வீட்டு வேலைக்குப் போவது.

அந்த விடுதியின் வரவேற்பு மேசையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள், விழுப்புரத்தில் பி.காம். முடித்தவள். "எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல வேல" என்று அப்பா வலையை உதறும்போது மீன்களிடமும் சொல்வார். உண்மையில் என் முக்கிய வேலை, வருகிறவர்களின் மணிக்கட்டில் நீலத் துணிப்பட்டை மாட்டுவது. பட்டையைக் காட்டினால் உள்ளே எல்லாம் கிடைக்கும். வெட்டினால்தான் கழலும்.

ஒருநாள் மல்லாட்டை என்னை வழிமறித்தார்.

"ஏம்மா, வர்றவங்க கையில இன்னாமோ கட்டறியாமே?"

"அது இருந்தாதாங்க உள்ள எல்லாம் குடுப்பாங்க."

"ஊருக்குப் போற வரிக்கும் கழட்டக் கூடாதா?"

"கூடாதுங்க."

"வெளியவும் வரமாட்டாங்க?"

"எதுக்கு வரணும்? எல்லாம் உள்ளயே இருக்குதே."

அவர் முகம் மெல்ல மாறியது. "அத்தச் சொல்லு. காப்பு கட்டிட்டீங்க."

மாசி மகத்துக்கு எங்கள் குப்பத்தில் காப்பு கட்டுவார்கள். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால், விழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை எல்லை தாண்டக் கூடாது. கண்ட இடத்தில் சாப்பிடக் கூடாது. அன்றிலிருந்து விடுதிக்காரர்கள் எல்லோரும் அவருக்கு விரதக்காரர்கள். நான் பூசாரி. பி.காம். படித்த என்னை, பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் நடுவே "பூசாரியம்மா" என்று கூப்பிட்டார். முதல் கை மல்லாட்டை எனக்குத்தான் வரும். காசும் வாங்கமாட்டார்.

"நண்டும் கோழியும் துன்னுக்கினு இன்னாய்யா விரதம்?" என்றாள் அத்தை.

"அது அவங்க சாமி வழக்கம். நம்ம கேக்கக் கூடாது அஞ்சல. பாவம், கடல் எதுர்ல இருக்குது, கால வெக்க முடியல."

ஒரு காலையில் விடுதி ஆள் ஒருவர், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, கரையோரம் ஓடிக்கொண்டிருந்தார். விடுதியின் கடைசிக் கொடியையும் தாண்டிவிட்டார். "சாமி, எல்லை சாமி" என்று மல்லாட்டை பின்னால் ஓடினார். முன்னால் ஓடியவர் திரும்பிப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். மூட்டை ஒன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துரத்தினால் யாரும் கூட்டத்தான் செய்வார்கள். உப்பளத்து வரப்பில் இருவரும் மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். வெள்ளை உப்புக் குவியல்களின் நடுவே, மேகத்தின் மேல் இரண்டு பேர் களைத்துப்போய் உட்கார்ந்திருப்பது போல இருந்ததாம். விடுதிக்காரர் சமாதானமாக, "கடலை விக்கறவருதானே? ஒரு பொட்டலம் குடுங்க" என்றிருக்கிறார். மல்லாட்டை கைகூப்பி, "நீங்க துன்னக் கூடாது சாமி" என்று சொல்லி, பத்திரமாக வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

அத்தைக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒரே ஒரு கிராக்கி வெளிய வந்தான். அவனையும் தொரத்திக்கினு போயி உள்ள வுட்டுட்டு வந்துக்கிறியே, நீ மனுசனாய்யா?"

"காப்போட சுத்தி அவருக்கு ஒண்ணு ஆயிட்டா நீ பதில் சொல்லுவியா?"

மாசி மகம் நெருங்கியபோது அவருக்குப் புதுக் கவலை. "கட்டறது சரி பூசாரியம்மா. எங்க அவுக்கறீங்க?"

"வூட்டுக்குப் போயி அவங்களே வெட்டிப் போட்டுருவாங்க."

"கடல்ல முழுகாமயா? அம்மன் முன்னாடி இல்லாமயா?"

அன்று பானை அடிப்பிடித்தது. மறுநாள் வெளுத்த வேட்டியில் வந்து மேனேஜர் முன்னால் நின்றார். மேனேஜர் சென்னைக்காரர். யார் என்ன சொன்னாலும் தலையாட்டிச் சிரிப்பவர். அம்மன் தீர்த்தவாரிக்குத் தோப்பு வழியாகத்தான் போகும், உங்கள் ஆட்களையும் கூட அனுப்புங்கள், கரையில் காப்பு அவிழ்க்கிறோம் என்று மல்லாட்டை கேட்டார். மேனேஜர் கண்ணில் ஒளி வந்தது. அவிழ்ப்பது என்றால் என்ன என்று நான் விளக்கத் தொடங்குவதற்குள் போட்டோ எடுப்பவருக்குப் போன் போட்டுவிட்டார்.

அந்த மாசி மகச் சாயங்காலம் இன்னும் என் கண்ணுக்குள் மிதக்கிறது. கம்பிக் கதவு திறந்தது. மேளத்தோடு அம்மன் தோளில் அசைந்து வர, பின்னால் குப்பத்து ஜனம், திண்டிவனத்துக் குடும்பங்கள், அவர்களுக்கிடையே விடுதிக்காரர்கள், பழச்சாறு டம்ளரைக் கீழே வைக்க மறந்தவர்கள் உட்பட. சவுக்கு இலைகளின் இரைச்சலும் அலையின் இரைச்சலும் ஒன்றாகிவிட்டன. கரையில் மல்லாட்டை, அத்தை மீன் நறுக்கும் கத்தரிக்கோலை மஞ்சள் தண்ணீரில் கழுவி எடுத்து, ஒவ்வொரு கையாகப் பிடித்து நீலப் பட்டையை வெட்டிச் சொம்பில் போட்டார். "போ சாமி, இனிமே உனுக்கு எல்லை இல்ல." அவர்கள் கடலுக்குள் ஓடினார்கள்.

முழுகிவிட்டுப் பசியோடு திரும்பினார்கள். கதவில் காவலாளி. பட்டை இல்லாதவர்களை விடாதே என்பது அவனுக்குப் போட்டிருந்த உத்தரவு. விசில் ஊதினான்.

எதிரே அத்தையின் கல்லில் மீன் சீறிக்கொண்டிருந்தது. குங்குமம் வைத்த பெட்டி முதன்முறையாக வாய் திறந்தது. பிறகு மூடவே இல்லை. உப்பளத்தில் துரத்தப்பட்டவர் தள்ளுவண்டி முன் வந்து நின்றார். "இப்போ துன்னு சாமி" என்று மல்லாட்டை இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தார். மேனேஜர் எனக்குப் போன் செய்து, "புதுப் பட்டை எடுத்துக்கினு ஜல்தி வாம்மா" என்றார். நான் பட்டுப் புடவையில் இருந்தேன். மணலில் பட்டுப் புடவையோடு ஓட முடியாது.

விடுதி திருந்திவிட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன். விளம்பரத்தில் போட்ட படங்களைப் பார்த்து அடுத்து வந்தவர்களும் கடலுக்குப் போகவேண்டும் என்று கேட்டதால், ஞாயிறு சாயங்காலம் மட்டும் தோப்புக் கதவு திறந்திருக்கிறது. திண்டிவனத்துப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அத்தை சென்னைக்குப் போகவில்லை. அத்தனையும் மல்லாட்டை தெரிந்து செய்ததா என்று அவளிடம் கேட்டேன். "அவருக்கா? நீ வேற" என்றாள். ஆனால் பெரிய மீன் துண்டாக எடுத்து அவருக்கு வைத்தாள்.

போன வருஷம் எனக்கு விழுப்புரத்தில் நல்ல வேலை கிடைத்தது. சொல்லிக்கொள்ளப் போனேன்.

"பூசாரி போயிட்டா எப்படி?" என்றார். கொஞ்ச நேரம் பானையைக் கிளறினார். "எம் புள்ள திண்டிவனத்துலயே இருன்றான். வயசாயிடுச்சாம். பேஜாரா கீது." பிறகு கையை நீட்டினார். "எனுக்கு ஒண்ணு கட்டிட்டுப் போம்மா. காப்பு கட்டிக்கிறேன், அவுக்கற வரிக்கும் இந்த இடத்த வுடக் கூடாதுன்னு அவனாண்ட சொல்லிக்கிறேன். நீ வந்து அவுத்து வுடு."

நீலப் பட்டை ஒன்றை மாட்டிவிட்டேன்.

லீவில் ஊருக்குப் போகும்போது, பஸ் நிற்பதற்குள்ளேயே ஆவிக்கு நடுவிலிருந்து அந்தக் கை உயர்ந்துவிடும். பட்டை வெளுத்து வானத்து நிறம் ஆகிவிட்டது. "எப்போம்மா அவுப்ப?" என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் கத்தரிக்கோலை மறந்துவிட்டதாகச் சொல்கிறேன்.