முழங்கால் மெஷின்

"அந்தப் பையில என்ன?" என்று கேட்டாள் ரௌஷான். அந்த ரயில் பெட்டிக்கு அவள்தான் பொறுப்பு. டிக்கெட் பார்ப்பதும் தேநீர் கொடுப்பதும் அதட்டுவதும் அவளே.

"துணிமணிதான்" என்று சொல்லிக்கொண்டே எர்கெபுலான் பையை இருக்கைக்கு அடியில் தள்ளினான். பை கம்பியில் மோதி 'ணங்' என்றது.

"இரும்புத் துணியா?"

உள்ளே இருந்தது மடக்கு சைக்கிள். ரயிலில் சைக்கிளைக் கண்டால் ஆளோடு சேர்த்து இறக்கிவிடுவார்கள் என்று ஆபீஸ் நண்பன் ஒருவன் அவனைப் பயமுறுத்தி அனுப்பியிருந்தான். இறங்கினால் எல்லாம் போச்சு. தராஸ் நகரத்தில் படிக்கும் மகள் தொல்கின், விவாகரத்துக்குப் பிறகு ஒரு வருஷமாக அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. போன வாரம்தான், "சைக்கிளோட வாங்கப்பா, ரெண்டு பேரும் ஊரைச் சுத்தலாம்" என்று எழுதியிருந்தாள்.

"அது வந்து... முழங்கால் வலிக்கு ஒரு மெஷின்" என்றான்.

எதிர் இருக்கையில் பவுர்சாக் பலகாரம் தின்றுகொண்டிருந்த குல்பாஷ் அக்காவின் வாய் அப்படியே நின்றது.

"தம்பி, எனக்கு ரெண்டு முழங்காலும் போச்சுடா! எடு, ஒரு அஞ்சு நிமிஷம் வச்சுப் பார்க்கிறேன்."

"கரண்ட் வேணும்க்கா."

"என் ரூம்ல பிளக் இருக்கே" என்றாள் ரௌஷான்.

எர்கெபுலானுக்கு வியர்த்தது. "டாக்டர் பக்கத்துல இல்லாம போடக்கூடாது. ரொம்பப் பவர்."

இது போதும், இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று நிம்மதியாகத் தேநீரை எடுத்தான். ரௌஷான் நடைபாதையில் நின்று கையைத் தட்டினாள்.

"பெட்டியில டாக்டர் யாராவது இருக்கீங்களா?"

இருந்தார். அதுவும் எலும்பு டாக்டர். கடைசி அறையிலிருந்து செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தார் சாபித் ஐயா. பின்னால் மூன்று பேர் நொண்டிக்கொண்டே வந்தார்கள். விஷயம் பெட்டி முழுக்கப் பரவியிருந்தது.

"முப்பது வருஷ அனுபவம் எனக்கு. எந்த ஊர் மெஷின்?"

"வெளியூர்" என்றான் எர்கெபுலான்.

"மாமா, வரிசையில வாங்க!" என்று குல்பாஷ் அக்கா நொண்டிகளை ஒழுங்குபடுத்தினாள். "முதல்ல நான். என் காலு பக்கத்துலதான் மெஷின் இருக்கு."

டாக்டர் பையை இழுத்தார். எர்கெபுலான் விடவில்லை. அவர் இழுக்க, இவன் இழுக்க, உள்ளிருந்து தெளிவாக ஒரு சத்தம் வந்தது.

'கிணிங்!'

"ரெடியாயிடுச்சு!" என்று கத்தினாள் குல்பாஷ் அக்கா. பாவாடையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு காலை நீட்டியும் விட்டாள்.

டாக்டர் ஜிப்பை ஒரு சாண் திறந்து தலையை உள்ளே விட்டார். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. அவர் தோள் மட்டும் குலுங்கியது. எர்கெபுலான் கண்ணை மூடிக்கொண்டான். பிளாட்பாரத்தில் காத்து நின்று, அப்பா வரவில்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் மகள் தெரிந்தாள்.

"டாக்டர் ஐயா," என்று காதோடு கெஞ்சினான், "மகளைப் பார்க்கப் போறேன். காட்டிக் கொடுத்துடாதீங்க."

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஜிப்பை மூடினார். நிமிர்ந்து நின்று கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

"முதல் தரமான மெஷின். முழங்காலுக்கு இதைவிட நல்லது உலகத்துலயே கிடையாது. ஆனா ஓடுற ரயில்ல போடக்கூடாது. எல்லாரும் போய் உட்காருங்க."

நொண்டிகள் முனகிக்கொண்டே கலைந்தார்கள். குல்பாஷ் அக்கா மனசில்லாமல் பாவாடையை இறக்கினாள். எர்கெபுலானுக்கு டாக்டரின் காலில் விழலாம் போலிருந்தது. ஒரு டாக்டரே சாட்சி சொன்னபிறகு யார் என்ன கேட்கமுடியும்?

ரௌஷான் மட்டும் நகரவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

"டாக்டரே சொல்லிட்டாரு, நான் என்ன பண்ண? இவ்வளவு பவர் உள்ள கரண்ட் மெஷினைப் பயணிகள் பெட்டியில ஏத்தக்கூடாது, அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிக்குங்க. நான்கூட மடக்கு சைக்கிளோன்னு நெனச்சேன். அதுன்னா கைப்பை மாதிரி, கேள்வியே கிடையாது."