குங்குமம் வைத்த கண்டென்சர்

ஒரு பெட்டியின் திருகாணியைக் கழற்றத் தெரிந்தவுடனே அதைப் பழுது பார்க்கவும் தெரிந்துவிட்டதாக நினைப்பது, மீசை முளைக்கிற வயதில் வரும் ஒரு வியாதி. எனக்கு அது கொஞ்சம் கடுமையாகவே வந்தது. தபால் வழியாக ரேடியோ பாடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மயிலாப்பூர் வீட்டிலோ அப்போது மின்சாரமே கிடையாது. (சிரிக்காதீர்கள், இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.)

என் சிநேகிதன் அருள், சாந்தோம் கோயில் பாடகர் குழுவில் கிடார் வாசிப்பவன். யுத்தம் முடிந்து ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய், கிடாரின் சத்தத்தைப் பெரிதாக்குகிற வால்வுப் பெட்டி ஒன்றை அவனிடம் விட்டுவிட்டுப் போயிருந்தான். ஸ்விட்சைப் போட்டால் வால்வுகள் அழகாகச் சிவக்கும். ஆனால் கிடார் பேசுவதற்கு முன்னால் பெட்டியே பேச ஆரம்பித்துவிடும். தேன்கூட்டைக் கலைத்த மாதிரி ஓர் உறுமல்.

தி.நகரில் குடியிருந்த சினிமா சங்கீத டைரக்டர் ஒருவர், கோடம்பாக்கம் ஸ்டூடியோவில் கிடார் வாசிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். விஜயதசமியன்று வீட்டுக்கு வந்து வாசித்துக் காட்டும்படி அருளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அச்சாபீசில் எழுத்துக் கோத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்த அருளுக்கு, இதை விட்டால் வேறு வழி கிடையாது.

"இன்னா மச்சி, இந்த உறுமு உறுமுது? எதிர்ல குந்திக்கினு அவரு பாட்டைக் கேப்பாரா, இத்தக் கேப்பாரா?"

"ஃபில்டர் கண்டென்சர் போயிடுச்சுடா. கரண்ட்ல இருக்கிற இரைச்சலை வடிகட்டற சாமான். புதுசா ரெண்டு போட்டா சரியாயிடும்" என்றேன், நாடி பிடித்துப் பார்த்த டாக்டர் மாதிரி.

"உனுக்குப் போடத் தெரியுமா?"

"எனக்கா?" என்று சிரித்தேன். (அது பதில் இல்லை என்பதைப் பாவம், அவன் கவனிக்கவில்லை.)

மூர் மார்க்கெட்டில் இரண்டு கண்டென்சர் வாங்கினேன். விரல் நீளத்துக்கு அட்டைக் குழாய்கள். ஒரு முனையில் மெல்லிய சிவப்புக் கோடு.

"செவப்பு கீற பக்கம் பிளஸ்ஸு. மாத்திப் போட்டா வெடிச்சிரும், பாத்துக்கோ நைனா" என்றார் கடைக்கார பாய். இதுகூடவா தெரியாது என்கிற பாவனையில் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் அன்று ஆயுத பூஜை. அரிவாள்மனையிலிருந்து அப்பாவின் சைக்கிள் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்த அம்மா, என் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"புது சாமானாடா? கொண்டா இங்கே."

அம்மாவுக்குச் சந்தன விஷயத்தில் தாராளக் கை. கண்டென்சர்களை வாழைப்பழம் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து, உடம்பெல்லாம் சந்தனம் பூசி, உச்சியில் அழுத்தமாக ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை எடுக்கக் கூடாது. எனவே விஜயதசமி காலையில்தான் அவசர அவசரமாக வேலையில் இறங்கினேன். காய்ந்த சந்தனத்தைக் கத்தியால் சுரண்டினேன். மேல் காகிதமும் அதிலிருந்த கோடும் சேர்ந்தே வந்துவிட்டன. அதனாலென்ன? இரண்டிலும் ஒரு முனை பளிச்சென்று சிவப்பாகத்தான் இருந்தது! கரியடுப்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பற்றவைத்து முடித்தேன். போட்டுப் பார்க்கத்தான் வீட்டில் கரண்ட் இல்லையே.

தி.நகர் வீட்டில் டைரக்டர் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி உள்வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தேன். வால்வுகள் சிவந்தன. உறுமல் இல்லை! அருள் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. சாமி படத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கைவேலை எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று பெட்டியின் பின்பலகையைக் கழற்றி அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன்.

அருள் தந்தியில் விரல் வைத்தான். மீன் கருகுகிற மாதிரி ஒரு நாற்றம் வந்தது. அடுத்தது, படார்!

கூடம் முழுக்க வெள்ளித் தாள் பறந்து, டைரக்டரின் தலையில் நிதானமாக வந்து இறங்கியது. குழாய் உருண்டுபோய் அந்த அம்மாள் காலடியில் நின்றது. கருகிய உருளை. மேலே சுரண்டியது போக மிச்சச் சந்தனம். உச்சியில் குங்குமம்.

"ஐயய்யோ! யாரோ நமக்குச் செய்வினை வெச்சுட்டாண்ணா!"

டைரக்டரின் முகம் இருண்டது. (சினிமாவில் அவருக்கு எதிரிகள் உண்டு.) "யார் அனுப்பின ஆளுங்கடா நீங்க?"

அருள் கழுத்திலிருந்த சிலுவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவன் வாய்ப்பு என் கண்ணெதிரே புகைந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"சத்தியமா செய்வினை இல்லீங்க மாமி! நேத்து ஆயுத பூஜை. எங்கம்மா குங்குமம் வெச்சாங்க. நான் அதைப் பிளஸ்னு நினைச்சுட்டேன்!"

டைரக்டர் குழாயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் அவர் தொந்தி குலுங்கியது. பிறகு ஊஞ்சலே குலுங்கியது. அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, பெட்டி போயிடுத்து. கிடார் இருக்கோல்லியோ? வாசிடா" என்றார்.

அருள் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வெறும் கிடாரில் வாசித்தான். முதலில் ஒரு சுரம் தப்பியது. பிறகு நாங்கள் இருப்பதையே மறந்துவிட்டான். சத்தம் போதாமல் டைரக்டர் ஊஞ்சலை விட்டு இறங்கி, அவனருகே தரையில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டார்.

"திங்கக்கிழமை ஸ்டூடியோவுக்கு வந்துடு. பெட்டியைச் சரிபண்ணிக் கொண்டு வா." பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "இவனைக் கொண்டு வராதே."

பெட்டியை நான்தான் மறுபடி சரிசெய்தேன். அருள் போலீஸ்காரன் மாதிரி பக்கத்திலேயே நின்றான். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி கோடம்பாக்கத்தில் வருஷக்கணக்காகப் பாடியது. எங்கள் வீட்டிலோ தையல் மிஷின், மின்விசிறி என்று எது புதிதாக வந்தாலும், குங்குமச் சிமிழோடு அம்மா என்னைக் கூப்பிடுவாள். "டேய், இதுல எது பிளஸ்?"

என் கல்யாணத்தில் வாசிக்க அருள் அதே பெட்டியைக் கொண்டுவந்திருந்தான். அம்மா பழக்க தோஷத்தில் தட்டோடு அதை நெருங்கினாள். அருள் கிடாரைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து, பெட்டியை மறைத்து நின்றுகொண்டு தன் நெற்றியை நீட்டினான்.

"எனக்கு வெச்சிடும்மா. எந்தப் பக்கம் வெச்சாலும் நான் வெடிக்க மாட்டேன்."